தும்பை விட்டு வாலைப் பிடித்தவள்

ஆறாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சையில் எனக்கு ஒரு கேள்வி வந்தது. ‘தும்பை விட்டு வாலைப் பிடித்தல்’ என்ற பழமொழியை விளக்குக. நான் விளக்கினேன். ஒரு நரிக்குப் பக்கத்தில் தும்பைப்பூ ஒன்று பூத்திருந்தது. ஒருவன் பூவைப் பிடிக்காமல் நரியின் வாலைப் பிடித்தான். நரி கடித்தது. ஆகவே நாம் எப்போதும் பூக்களையே பிடிக்க வேண்டும்.

ஐந்து புள்ளிக்கு இரண்டு கிடைத்தது. அந்த இரண்டும் எதற்கென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, கருத்து நல்லது என்பதற்காக இருக்கலாம். தும்பு என்றால் மாடு கட்டுகிற கயிறு, கயிற்றைக் கைவிட்டவன்தான் வாலைப் பிடித்துக்கொண்டு இழுபடுகிறான் என்று ரீச்சர் விளக்கியபோது வகுப்பு முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. எங்கள் வீட்டில் தும்பு என்றால் வீடு கூட்டுகிற தும்புத்தடியில் இருக்கிற தேங்காய் நார். மாடும் இல்லை. நான் எங்கே போய் அறிவது?

செய்தி என்னை முந்திக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டது. அப்பா சிரித்த சிரிப்பில் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்கவேண்டி வந்தது. அன்றிலிருந்து நான் எதைத் தலைகீழாகச் செய்தாலும் அவருக்கு ஒரே சொல்தான்: “தும்பைக்காரி.” தண்ணி மோட்டரைப் போடச் சொன்னால் வாசல் லைட்டைப் போட்டேன், தும்பைக்காரி. கம்பஸில் தாவரவியல் எடுத்தேன், “தும்பைக்காரி பூப் படிக்கப் போறா.” இவ்வளவுக்கும் புத்தகத்துப் படத்திலும், கம்பஸில் தாளோடு ஒட்டிக் காய்ந்து கிடந்த ஒரு துண்டிலும் தவிர அந்தச் செடியை நான் உயிரோடு கண்டதே இல்லை.

போன வருசம் ஆவணியில் கம்பஸ் முடிந்து, பெறுபேறும் வந்து, வேலை மட்டும் வராமல் நான் களுவாஞ்சிக்குடியில் வீட்டோடு இருந்தேன். கோயில் சடங்குக்குப் போக அப்பாவுக்கு வேட்டி வேண்டும். அம்மா கொடியிலிருந்து எடுத்து உதறி, வெயிலுக்கு நேரே பிடித்து, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்.

“பாருங்க, தும்பைப்பூ மாதிரி.”

எனக்கு அன்று செய்ய வேறு வேலை இல்லை. “அம்மா, தும்பைப்பூவ நீங்க கடைசியா எப்ப கண்டீங்க?”

அம்மா வேட்டியை மடித்துக்கொண்டே யோசித்தார். “சின்னப்புள்ளையா இரிக்கக்குள்ள.”

“அப்ப இவ்வளவு காலமும் எதைப் பாத்து அப்பிடிச் சொன்னீங்க?”

“வேட்டியப் பாத்துத்தான்.”

அப்பா கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டு சொன்னார், “நானும் வடிவாக் கண்டதில்ல. வெள்ளையா இரிக்குமாம்.”

அந்த இடத்தில்தான் எனக்கு அது பிடித்தது. எனக்கு ஒரு விசயம் பிடித்தால் காய்ச்சல் மாதிரித்தான், சூடு உடனே ஏறும். “நான் தும்பை வளக்கப் போறன்” என்றேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வைக்குக் காரணம் உண்டு. வீட்டின் பின் அறையில் எனக்கென்று ஒரு நூதனசாலை இருக்கிறது: மீனில்லாத மீன்தொட்டி, காளான் முளைக்காத காளான் பைகள், நாலு கம்பி மட்டும் மிஞ்சிய கிற்றார், ஏழாம் பாடத்தோடு நின்றுபோன கொரிய மொழிக் கொப்பி. தொடங்குவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். முடிப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, நாகரிகம் கருதி.

“வள, வள” என்றார் அப்பா. “பூச்சட்டி ஒண்டு வாங்கு.”

“சட்டியில மட்டும் இல்ல அப்பா. அது காட்டுப் பூ, நிலத்தில நிக்கவேணும். கிணத்தடி மூலைய எனக்குத் தாங்க.”

அம்மாவின் கை மடிப்பில் நின்றுவிட்டது. மூலை என்றதும் பிரச்சினை வேறாகிவிட்டது.

வீட்டைச் சுற்றிய எங்கள் வளவைப் பற்றிச் சொல்லவேண்டும். எழுவான்கரை ஊர் என்றால் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, நடுவில் மணல், மணலில் நாங்கள். சூரியன் எழுகிற பக்கம் நாங்கள் என்பதால் எழுவான்கரை, வாவிக்கு அங்கால் சூரியன் படுகிற பக்கம் படுவான்கரை. அங்கே களிமண், வயல், பச்சை. இங்கே மணல் கட்டிலில், மணல் சோற்றில், மணல் அப்பாவின் காதில். கல்யாணம் முடித்து வந்த நாளிலிருந்து அம்மா ஒவ்வொரு காலையும் ஈக்கில் வாருகலால் வளவைக் கூட்டி, மணலில் விசிறி விசிறியாகக் கோடு விழுத்திவிட்டுத்தான் அடுப்பை மூட்டுவார். கோடு நேராக இருந்தால் மனம் நல்லாயிருக்கிறது என்று அர்த்தம். கொஞ்ச நாளாகக் கோடு வளைந்து வளைந்து வந்தது. முழங்கால் நோ. குனிந்து நிமிர ஏலாது. அதனால்தான் அப்பா ஒருவழியாகச் சம்மதித்திருந்தார்: சித்திரை வருசப்பிறப்புக்கு முன்னால் வாசல் கடப்பிலிருந்து கிணறு வரை முழுவதும் கொங்கிறீட். மேசனுக்கும் சொல்லியாயிற்று. அம்மா அதைக் கனவு கண்டுகொண்டிருந்தார், உண்மையாகவே கனவில். “ராவைக்கு முத்தத்தில வெறுங்காலோட நடந்தன், ஒரு மணல் ஒட்டல்ல” என்று ஒருநாள் காலையில் சொன்னார்.

அந்தக் கொங்கிறீட்டில் ஒரு மூலையைத்தான் நான் கேட்டேன்.

“குப்ப கூட்டி ஒதுக்கிற மூலையத்தானே கேக்கிறா” என்றார் அப்பா சமாதானமாக.

அம்மா விரல் நீட்டினார். “இஞ்ச கேள்கா. மேசன் வாறதுக்குள்ள நீ போட்ட விதை முளைச்சு, பூத்து, அது தன்ட விதையையும் போட்டா மூலை உண்ட. இல்லாட்டி அவடத்தையும் சேத்துக் கொங்கிறீட். மறுகா என்னோட கதைக்க வரப்படா.”

“ஓம்” என்றேன்.

“விதை போடவேணும். பூத்தது மட்டும் காணாது.”

அம்மா சட்டம் படிக்காத ஒரு சட்டத்தரணி. என் வாழ்க்கை முழுவதும் ‘கிட்டத்தட்ட முடித்துவிட்டேன்’ என்று நான் சொன்னவற்றையெல்லாம் மனதில் வைத்துத்தான் அந்த வசனத்தைக் கட்டியிருந்தார். ஆனால் தும்பைக்கு ஒரு வசதி இருக்கிறது. அதன் ஆயுள் ஒரே ஒரு மாரி. மழைக்கு முளைத்து, வெயிலுக்குப் பூத்து, விதையைக் கொட்டிவிட்டுச் செத்துவிடும். என் பொறுமையின் நீளமும் ஏறக்குறைய அதுதான். இந்தச் செடி எனக்காகவே படைக்கப்பட்டது என்று நினைத்தேன்.

விதைக்குப் பழுகாமம் போனேன். மாமாவின் மகள், என்னைவிட மூன்று வயது மூத்த மச்சாள், அங்கே வயலோடு இருக்கிறாள். பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டினால் ஸ்கூட்டியில் கொஞ்ச நேரம்தான். வட்டையின் ஓரத்தில், அறுத்து முடிந்த வயல் வரம்பில், காய்ந்த தும்பைகள் நின்றன. ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரம். தண்டில் அடுக்கடுக்காகக் காய்ந்த உருண்டைகள். ஒவ்வொரு உருண்டையும் குட்டிக் குட்டிக் கிண்ணங்களை வட்டமாக நெருக்கி வைத்த மாதிரி. பூ ஒன்றுகூட இல்லை.

மச்சாள் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள். “ஆடு மாடும் திரும்பிப் பாக்காத பூடு ஒண்டுக்கு எழுவான்கரையில இருந்து பெற்றோல் அடிச்சு வந்திரிக்கா. கம்பஸில உங்களுக்கு இதுதான் சொல்லித் தந்ததா?”

“நீங்க தினம் மிதிக்கிறீங்க மச்சாள், உங்களுக்கு அருமை தெரியாது.”

“அருமை தெரியும்கா. பிடுங்கிப் பிடுங்கிக் கை நொந்தவளுக்குத் தெரியாத அருமையா?” என்று சொல்லிக்கொண்டே கைநிறைய உருண்டைகளை உருவி, வரம்போரத்தில் கைக்கு அகப்பட்ட மற்றக் குப்பையையும் சேர்த்து, ஒரு பழைய கல்யாணக் கார்ட் உறைக்குள் போட்டுத் தந்தாள். “கொண்டுபோய் மணலில வீசிப்போட்டு மறந்திரு. நீ பாத்துக்கொண்டிருந்தா முளைக்காது.”

நான் படித்தவள். வீசிப்போட்டு மறந்துவிட முடியுமா?

வீட்டுக்கு வந்து சட்டி மூன்று ஒழுங்கு செய்தேன். சாணி உரம், அரித்த மண், கொஞ்சம் சாம்பல். உறையைத் திறந்தால் தூசி, சருகு, முள், உருண்டை எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. சுத்தமான விதை வேண்டும். எங்கள் பகுதியில் பிறந்தவளுக்கு ஒரு தானியத்தைச் சுத்தமாக்க ஒரே வழிதான் தோன்றும். அம்மாவின் சுளகை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்து, கடல் காற்று வருகிற பக்கம் பார்த்து நின்று, உருண்டைகளைக் கையால் கசக்கித் தூற்றினேன். களத்தில் நெல் தூற்றும்போது சொல்வதுபோல “பொலி, பொலி” என்றும் சொன்னேன், முறை தவறக்கூடாது என்று.

“தீப்பெட்டிக்குள்ள அடங்கிற விதைக்குப் பொலியாம்” என்றார் அம்மா குசினி யன்னலால். “எத்தின மூடை வரும்?”

காற்று நன்றாகவே வேலை செய்தது. பாரமில்லாத கிண்ணங்கள் எல்லாம் பதராகப் பறந்து முற்றத்து மணலில் போய் விழுந்தன. சுளகின் அடியில் பாரமான, கறுப்புக் கறுப்பான, சின்ன விதைகள் ஒரு சிட்டிகை மிஞ்சின. அழகு! அவற்றை எண்ணாத குறையாக மூன்று சட்டிக்கும் பங்கிட்டேன். சட்டிகளைக் கிணற்றடி மூலையில் செங்கல் வைத்து அதன்மேல் ஏற்றினேன். அடுத்த நாள் காலை அம்மா வழக்கம்போல முற்றத்தைக் கூட்டி, நான் பறக்கவிட்ட பதரையெல்லாம் வாருகலால் தள்ளிக்கொண்டுபோய் அதே மூலையில், சட்டிகளுக்குப் பின்னால், குப்பையோடு குப்பையாக ஒதுக்கினார்.

“உண்ட பதரால எனக்கு ரெட்டை வேலை” என்றார்.

ஐப்பசியில் மழை தொடங்கியது. ஒன்பதாம் நாள் மூன்று சட்டியிலும் முளை! எதிரெதிர் இலை. கொஞ்சம் வளர்ந்ததும் தண்டை விரலால் உருட்டிப் பார்த்தேன். உருளவில்லை. நாலு பக்கம், சதுரம். துளசிக் குடும்பத்துக்கே உரிய சதுரத் தண்டு. இலையைக் கசக்கினேன், வாசம். மூன்று சாட்சியும் சரி. தும்பை துளசிக்குச் சொந்தக்காரச் செடி என்று அப்பாவுக்கு ஒரு விரிவுரை நடத்தினேன். அவர் கந்தோர் வேலையால் வந்து சேட்டும் கழற்றாமல் கேட்டார், பாவம்.

அதன்பிறகு தினம் காலையில் ஒரு படம். செங்கல்லுக்கு முன்னால் குந்தியிருந்து, போனைச் சட்டிக்குக் கிட்டப் பிடித்து, பின்னால் இருப்பதெல்லாம் மங்கலாகத் தெரியும்படி எடுப்பேன். எடுத்ததை மச்சாளுக்கு வட்ஸ்அப்பில் அனுப்புவேன். அவள் விதைப்பு வேலையில் இருந்தாள். ‘ம்ம்’ என்று வரும். சிலநாள் ஒரு பெருவிரல் வரும். பக்கத்தில் குப்பைக்குள் என்னென்னவோ பூடுகளும் முளைத்தன, உரத்தைப் பங்குபோட்டுவிடுமோ என்று எட்டின மட்டும் பிடுங்கி எறிந்தேன். தோட்டம் செய்பவர்களின் முதற் கடமை களை எடுப்பது.

மார்கழி அடைமழையில் வளவு முழுக்கக் கணுக்கால் தண்ணீர். சட்டிகளை உள்ளே தூக்கினேன். ஒன்று பிறிட்ஜுக்கு மேல், ஒன்று தையல் மெசினில், ஒன்று அப்பாவின் சாய்மனைக் கதிரையில்.

“நான் எங்க இரிக்கிற?” என்றார் அப்பா.

“அவங்க மூணு நாளைக்குத்தான் அப்பா.”

“அவங்களா!” அப்பா அம்மாவைக் கூப்பிட்டார். “இஞ்ச, வீட்டில மூணு பேர் கூடிப்போச்சு. அரிசி பாத்துப் போடு.”

தண்ணீர் வற்றி, தைப்பொங்கலும் முடிந்து, ஒரு காலை வெயில் நல்லாக அடித்தபோது சட்டியில் முதற் பூ விரிந்தது. நான் கத்திய கத்தலில் அம்மா கரண்டியோடும், அப்பா பல் துலக்கின வாயோடும் வந்தார்கள். மூவரும் குனிந்து பார்த்தோம்.

பூ ஊதா நிறம்.

அப்பா வாயிலிருந்த நுரையைத் துப்பிவிட்டு வந்து ஆறுதலாகச் சொன்னார். “அடுத்த சடங்குக்கு எனக்கு ஊதா வேட்டி ஒண்டு எடுக்கவேணும். தும்பைப்பூ மாதிரி.”

மச்சாளிடமிருந்து முதன்முறையாகக் குரல் பதிவு வந்தது. பாதிக்கு மேல் சிரிப்பு. “அடியேய், அது நாய்த்துளசி! ரோட்டுக்கரை முழுக்க நிக்கிற நாய்த்துளசி! இத்தின நாளா அதையா படம் எடுத்து அனுப்பின? நீ துளசி வளக்கிறாய் என்டெல்லா நான் நினைச்சன்!” பிறகு ஒரு மூச்சு இழுப்பு. “அதைப் போய்ப் பிறிட்ஜுக்கு மேல...” மறுபடி சிரிப்பு.

அவளோடு சேர்ந்து நானும் சிரித்தேன். பிறகு பின் அறைக்குப் போய், மீன்தொட்டிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்தேன். சட்டிகளை அங்கேயே கொண்டுபோய் வைத்துவிடலாம் போலிருந்தது, இடமும் இருந்தது. தும்பு என்ன, தும்பை என்ன என்று தெரியாத ஆறாம் வகுப்புக்காரியைப் பார்த்துச் சிரிக்கலாம். தாவரவியல் படித்துவிட்டு நாய்த்துளசிக்குக் குடை பிடித்தவளை என்ன செய்வது? வெளியே வந்து, “அம்மா, மூலையையும் சேத்தே கொங்கிறீட் போடுங்க” என்றேன்.

அம்மா வென்றதைக் காட்டிக்கொள்ளாமல் சோற்றுத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். “சாப்பிடு” என்றார்.

நாலு நாளைக்குப் பிறகு, காலையில் வாருகல் சத்தம் பாதியில் நின்றது. அம்மா கூட்டத் தொடங்கினால் நடுவில் நிறுத்துவதில்லை. அதனால் நான் தலையைத் தூக்கினேன்.

“இஞ்ச வாகா.” சத்தம் ஒரு மாதிரி மெதுவாக இருந்தது. “இது என்ன பூ?”

கிணற்றடி மூலை. செங்கல்லுக்கும் மதிலுக்கும் நடுவில், முருங்கைச் சருகும் சாம்பலும் உக்கி மேடாகிக் கிடந்த குப்பைக்குள், நாலு செடி. ஒரு சாண் இருக்கும். தண்டைச் சுற்றிப் பச்சை உருண்டை, அந்த உருண்டைகளிலிருந்து வெளியே நாக்கை நீட்டின மாதிரி வெள்ளைப் பூக்கள். குட்டிப் பூ, ஒரு அரிசிப் பருமன். ஆனால் என்ன வெள்ளை! எறும்பொன்று ஒரு பூவுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றது. அந்த வெள்ளைக்குப் பக்கத்தில் எறும்பின் கறுப்புக்கூட அளவுக்கு மிஞ்சித் தெரிந்தது.

“தும்பை” என்றேன்.

“அப்பிடியா” என்றார் அம்மா. வாருகலை மதிலில் சாத்திவிட்டு நேரே கொடிக்குப் போய், அப்பாவின் வேட்டியை உருவிக்கொண்டு வந்து, ஒரு முனையைப் பூவுக்குப் பக்கத்தில் பிடித்தார். இருவரும் பார்த்தோம். வேட்டி மங்கலாக, பழைய பால் நிறத்தில் இருந்தது.

“இவ்வளவு வருசமாப் பொய் சொல்லியிரிக்கன்” என்றார் அம்மா.

எப்படி வந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு அரைநாள் பிடித்தது. தும்பை விதை கிண்ணத்தின் அடியில் இறுகி இருக்கும், கசக்கினாலும் எல்லாம் இலேசில் கழலாது. நெல்லைத் தூற்றினால் பாரமானது மணி, பறப்பது பதர். நான் தூற்றியதில் பறந்ததுதான் தும்பை. கிண்ணத்தோடு சேர்த்துப் பறக்கவிட்டேன். சுளகில் மிஞ்சியது மச்சாளின் கையோடு வந்த நாய்த்துளசி. பதர் என்று நான் விட்டதை அம்மாவின் வாருகல் கூட்டிக்கொண்டுபோய் மூலையில் விதைத்திருக்கிறது. மழை வந்ததால் குப்பையைக் கொளுத்தவும் இல்லை.

அதைவிடக் கொடுமை போனில் இருந்தது. நான் எடுத்த படங்களை முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். நடுவில் தெளிவாக, கம்பீரமாக நாய்த்துளசி. பின்னால் மங்கலில் ஒரு பச்சைப் புள்ளி. அடுத்த படத்தில் புள்ளி கொஞ்சம் உயரம். அதற்கடுத்ததில் இன்னும் உயரம். ஒவ்வொரு நாளும் தும்பையைத்தான் படம் எடுத்திருக்கிறேன், அதை மங்கலாக்கி. ஒரு படத்தின் ஓரத்தில் செங்கல்லின் மேல் வேரோடு பிடுங்கி வைத்த பூடுகள் ஒரு பிடி. பெரிதாக்கிப் பார்த்துவிட்டு உடனே மூடிவிட்டேன்.

அன்று பின்னேரம் வீட்டில் விசாரணை. அப்பா நீதிபதி.

“விதை கொண்டுவந்தது அவள்” என்றார் அப்பா. “தூத்தினதும் அவள். ஆனா நட்டது வாருகல்.”

“ஒப்பந்தத்தில நான் போட்ட விதை என்டுதானே இரிக்கு” என்றேன். “தூத்திறதும் போடுறதுதான்.”

“மிச்சத்தப் பிடுங்கினது ஆரு?” என்றார் அம்மா.

நான் கதையை மாற்றினேன். “பூத்திட்டுத்தானே.”

“விதை போடவேணும்” என்றார் அம்மா. ஒரு எழுத்தும் மாறவில்லை.

விதை முத்த ஒரு மாதமாவது வேண்டும். மேசன் பங்குனிக் கடைசியில் வருவார், போதுமான காலம். கணக்குச் சரி. ஆனால் மாசி தொடங்கி முதல் கிழமை, நாங்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது கடப்படியில் உழவு மெசின் சத்தம். பின்னால் இழுத்துவந்த பெட்டி நிறையக் கல்லும் மணலும். மேலே மேசன், சிரித்த முகம்.

“அங்கால ஒரு வேலை நிண்டுபோச்சுக்கா. அதான் உங்கிட வேலைய முதல்ல முடிச்சுத் தருவமென்டு வந்திட்டன்.”

அம்மாவின் முகத்தில் வந்த சந்தோசத்தை நான் பார்த்தேன். பொய் சொல்லக்கூடாது, அந்த முகத்தைப் பார்க்க எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது. வெறுங்காலோடு நடக்கிற கனவு பெட்டி நிறைய வந்து இறங்கியிருக்கிறது.

மேசன் கயிறு பிடித்து, முளை அடித்து, கிணற்றடி வரை வந்தார். மூலையைக் கண்டார். “இந்தப் புல்லு எடுக்கத்தானே?” என்று மண்வெட்டியை ஊன்றினார்.

நான் ஓடிப்போய்ச் செடிகளுக்குப் பக்கத்தில் குந்தினேன். ஒரு உருண்டையிலிருந்து ஒரு கிண்ணத்தைக் கிள்ளிப் பிரித்தேன். உள்ளே நாலு விதை, ஒழுங்காக, ஒன்றுக்கொன்று முதுகு காட்டி இருந்தன. பச்சை. நகத்தால் அழுத்தினேன். நசிந்து தண்ணீரானது.

“முத்திட்டா?” என்று அம்மா பின்னால் நின்று கேட்டார்.

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அம்மாவுக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் ‘கிட்டத்தட்ட’ என்ற சொல் எனக்கே அலுத்துப் போயிருந்தது.

“இல்ல. இன்னும் ரெண்டு மூணு கிழமை வேணும்.”

அம்மா மூலையைப் பார்த்தார். கயிறு போகிற நேரைப் பார்த்தார். தன் முழங்காலை ஒருமுறை தடவினார். பிறகு மேசனிடம் சொன்னார், “அந்த மூலைய விட்டிட்டுப் போடுங்க.”

“ஏனக்கா? மூலை விட்டா வடிவா இரிக்காதே. எலி கடிச்ச அப்பம் மாதிரிக் கிடக்கும்.”

“கிணத்துத் தண்ணி வடிய இடம் வேணும்.”

“அதுக்கு நான் வாட்டம் எடுத்துத் தாறன்.”

“வாட்டத்தையும் எடுங்க, மூலையையும் விடுங்க.”

எனக்கு வாய் சும்மா இருக்காதே. “அம்மா, ஒப்பந்தப்படி நான் தோத்திட்டன். விதை...”

“நீ வாயப் பொத்து” என்றார் அம்மா. “உனக்கு ஆரு விட்டது? வேட்டி தோச்சா அளவு பாக்க எனக்கு ஒண்டு வேணாமா?”

அப்பா உள்ளேயிருந்து மெல்லிய குரலில், “இனி என்ட பாடு முடிஞ்சுது” என்றார்.

இப்போது எங்கள் வளவு கடப்பிலிருந்து கிணறு வரை கொங்கிறீட், எலி கடித்த ஒரு மூலை தவிர. அம்மா தும்புத்தடியால் நின்றபடியே ஒரு இழுவை இழுத்துக் கூட்டிவிடுகிறார். பூ இருந்தவரை, வேட்டி தோய்க்கிற நாளில் அதைக் கொண்டுபோய்ப் பூவுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, திரும்பக் கொண்டுபோய்ச் சலவை நீலம் போட்டார். பங்குனி வெயிலில் தும்பைகள் அடியிலிருந்து மஞ்சளாகி, மண்ணிறமாகி, நின்ற நிலையிலேயே காய்ந்தன. தண்ணி விடட்டுமா என்று பதறி மச்சாளைக் கேட்டேன். “செத்துப்போறதுதான்கா அதிட வேலை, அதை ஒழுங்காச் செய்ய விடு” என்று பதில் வந்தது. கிண்ணத்தைக் கவிழ்த்துத் தட்டினேன். உள்ளங்கையில் விதை, மண்ணிறம், நகம் இறங்காத கடினம். முடித்துவிட்டது. வீட்டில் நான் தொடங்கி ஒன்று முடிந்திருக்கிறது, நான் எவ்வளவோ குறுக்கே நின்றும்.

வருகிற மாரிக்கு ஒழுங்காக எடுத்து வைப்போம் என்று நேற்றுக் காலை குசினிக்குள் போய்ச் சுளகை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். காற்றும் நல்ல காற்று.

அம்மா கிணற்றடியில் நின்றார். என்னைப் பார்த்தார், கையிலிருந்த சுளகைப் பார்த்தார். கிட்ட வந்து அதை என் கையிலிருந்து பறித்தார்.

“அங்கால போ” என்றார். மூலையில் சாத்தியிருந்த பழைய ஈக்கில் வாருகலை எடுத்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, காய்ந்த செடிகளை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, அங்கே மிஞ்சியிருந்த மணலில் விசிறி விசிறியாகக் கோடு விழக் கூட்டத் தொடங்கினார். கோடு நேராக வந்தது.